கொலை மிரட்டலுக்குப் பத்துக்கு மூன்று

1928, ஒரு சனிக்கிழமை. மாலை மணி 4.58.

"ஐயோ! ஓடியாங்க!"

பினாங்கில், டத்தோ கிராமாட்டில் ஒரு கடைவீட்டின் மாடியிலிருந்து வந்த அலறல் அது. அலறியவர் மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பின் உதவி ஆசிரியர், சின்ன மாஸ்டர் செபாஸ்டியன். ஐந்து மணி வகுப்புக்காகக் கீழே வந்து நின்றிருந்த ஹென்றி, படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். படிக்கட்டின் அடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் தெரேசா, தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

மாடியில் ஒரே அறை. ஒரே கதவு. சன்னலுக்கு இரும்புக் கம்பி.

நவமணி மாஸ்டர் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மேசையின் இடது ஓரத்தில் திருத்தி முடித்த பதினோரு நோட்டுகள். நடுவில், பாதி திருத்தி விரித்துவைத்த பன்னிரண்டாவது. அதன்மேல் அளந்து வைத்தது போல ஒரு தாள். நீல மை, கொட்டை எழுத்து, ஆங்கிலத்தில் ஒரே வரி: நீ இதைப் படித்து முடிக்கும்போது செத்திருப்பாய்.

தமிழில் சொன்னால் ஒரு குற்றமும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு தப்பு. 'வில்' நிற்க வேண்டிய இடத்தில் 'வுட்' நின்றது. இறந்தகாலமும் வகை மாறி உட்கார்ந்திருந்தது. ஹென்றி அதை இன்னொரு தடவை படித்தான். கொலை நடந்த வீட்டு வாசலில் தன்னுடைய செருப்பே கிடப்பதைப் பார்த்தவன் மாதிரி நின்றான். அந்த இரண்டு தப்பும் அவனுடையவை. நாலு வருஷமாக அவற்றை அவன் ஒருவன்தான் வைத்துக் காப்பாற்றி வந்தான்.

நவமணி மாஸ்டரை ஊருக்கே தெரியும். ஆங்கிலத்தில் இறந்தகாலம் எத்தனை வகை உண்டோ அத்தனையையும், குட், வுட், மஸ்ட், மைட் என்ற நாலு போக்கிரிகளையும் குமாஸ்தாக்களுக்குப் பழக்கி, சர்க்கார் பரீட்சைக்கு அனுப்புவது அவர் வேலை. கண்ணில் பட்ட ஆங்கிலத்தைச் சிவப்பு மை தொடாமல் அவர் விட்டது கிடையாது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடத் திருத்தி, மதிப்பெண் போட்டு, வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார். இரண்டு கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

மணி 5.40. "மாத்தா வந்துட்டாங்க," என்று தெருவில் யாரோ சொல்லி முடிக்கும் முன் போலீஸ் மாடிக்கு வந்துவிட்டது. முன்னால் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். பின்னால் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கியபடி டிடெக்டிவ் சீனி முகம்மது.

இன்ஸ்பெக்டர் இழுப்பறையைத் திறந்தார். போன இரண்டு வாரத்தில் வந்த மிரட்டல் கடிதங்கள் இரண்டு கிடைத்தன. முதல் கடிதம்: நீ சாவாய். சிவப்பில் திருத்தம், ஓரத்தில் பத்துக்கு மூன்று. இரண்டாவது: நீ எப்போதோ செத்திருக்க வேண்டியவன். அதிலும் திருத்தம். பத்துக்கு நான்கு, முன்னேற்றம் தெரிகிறது. மாஸ்டர் அதை வகுப்பில் படித்தே காட்டினார். "எழுதின அன்பர் மஸ்ட்டுக்கும் ஷுட்டுக்கும் வித்தியாசம் படித்துவிட்டுக் கொல்ல வரவும்," என்றார். வகுப்பே சிரித்தது. ஹென்றி கொஞ்சம் அதிகமாகச் சிரித்தான். அது இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

இன்ஸ்பெக்டர் பதினோரு நோட்டுகளையும் புரட்டினார். ஒன்றை எடுத்துக் கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அட்டையில் இருந்த பெயரைப் படித்தார். ஹென்றியைப் பார்த்தார்.

"தெரேசா அக்கா, இந்தத் தம்பி இன்னிக்கு மேல வந்துச்சா?" என்று கேட்டார் சீனி முகம்மது.

"ரெண்டு மணிக்கு வந்துச்சு. பால் டின்னுல கோப்பி வாங்கி, கயித்துல தொங்க விட்டுக் கொண்டாந்துச்சு. மாஸ்டருக்குக் குடுக்க."

"சண்ட போட்டாங்களா?"

தெரேசா தரையைப் பார்த்தாள். "சத்தம் கேட்டுச்சு. 'நீங்க இருக்கிற வரைக்கும் நான் பாஸாக மாட்டேன்'னு தம்பி கத்துச்சு."

"ஆமா, கத்தினேன்," என்றான் ஹென்றி. "இந்த வருஷம் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்னாரு. கோவம் வந்துருச்சு, அண்ணே. ஆனா கோப்பிய என் முன்னாடியே குடிச்சாரு. ஒண்ணும் ஆகல. ரெண்டேகாலுக்குப் போயிட்டேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவன் முன் தள்ளினார். இன்று செய்ததை எல்லாம் எழுது. ஆங்கிலத்தில்.

ஹென்றி பேனாவை எடுத்தான். காப்பி கொடுத்தேன் என்பதற்கு எந்த இறந்தகாலம்? கொடுத்தது முதலில், கத்தியது பிறகு. வரிசையை மாற்றி எழுதினால், கத்திவிட்டுக் காப்பி கொடுத்ததாக ஆகிவிடும். 'மைட் ஹேவ்' என்று எழுதினால் சந்தேகம். 'மஸ்ட் ஹேவ்' என்று எழுதினால் தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொண்ட மாதிரி. தப்பாக எழுதினாலோ, கடிதத்தை எழுதியவன் நீதான் என்பார் துரை. சரியாக எழுத அவனுக்குத் தெரியாது. இந்தச் சந்தேகத்தைக் கேட்க ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தார்.

ஒரு வரி எழுதினான். அடித்தான். மறுபடி எழுதினான். வியர்வை சொட்டி மை கலைந்தது. இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி எழுதிக்கிட்டு இருக்கட்டும்," என்றபடி சீனி முகம்மது தெரேசா பக்கம் திரும்பினார். "அக்கா, மாஸ்டர் எத்தன மணி வரைக்கும் உசிரோட இருந்தாரு?"

"நாலு மணிக்குக் கிளாஸ்ல கரண்டி போட்டுக் கலக்குற சத்தம் கேட்டுச்சு. தெனம் நாலு மணிக்கு வயித்து உப்பு கலக்கிக் குடிப்பாரு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. தூங்குறாருன்னு நெனச்சேன்."

"உப்பு வாங்கிக் குடுக்கிறது யாரு?"

"சின்ன மாஸ்டர்தான். காலையில புதுப் புட்டி கொண்டாந்து வெச்சாரு."

செபாஸ்டியன் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். "அவருக்கு நான் மகன் மாதிரி."

"ரெண்டேகாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல யாரு மேல போனா?"

"சின்ன மாஸ்டர் ஏறுற வரைக்கும் ஒருத்தரும் போகல. என்னைத் தாண்டித்தானே போகணும்."

"சின்ன மாஸ்டர் ஏறுன ஒடனே கத்துனாரா?"

தெரேசா யோசித்தாள். "இல்ல. ஒரு சட்டக் கைய முழுசாத் தெச்சு முடிச்சேன். அப்புறம்தான் கத்துனாரு."

"கதவத் தொறந்தா நேரா பொணம். அதப் பாக்க இம்புட்டு நேரமா?"

"பயத்தில் குரலே வரவில்லை," என்றார் செபாஸ்டியன்.

சீனி முகம்மது எழுந்து மூன்று கடிதங்களையும் வரிசையாக மேசைமேல் பரப்பினார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தம்பி. அது ஒரு வசதி. துரை எழுத்தப் பாக்குறாரு. நான் நெறத்தத்தான் பாக்க முடியும். இதுல செவப்பு இருக்கு. இதுலயும் செவப்பு இருக்கு. இதுல?"

மூன்றாவது தாளில் நீலம் மட்டுமே இருந்தது. திருத்தம் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை.

"கல்யாணப் பத்திரிகையவே விடாத மனுசன், தன் சாவுக்கு வந்த கடுதாசியச் சும்மா விடுவாரா லா?"

அதையே அவர் மலாயில் துரைக்குச் சொன்னார். துரை புருவத்தைச் சுருக்கினார். அதைப் படிக்கும் முன்பே மயக்கம் வந்திருக்கலாமே?

"வந்திருக்கலாம், துரை. ஆனா இந்தத் தம்பி ரெண்டு மணிக்கு வெச்சிருந்தா, தாளு அப்பவே மேசையில நோட்டுக்கு மேல கெடந்திருக்கும். அது மேல கெடக்க, அடியில இருக்கிற நோட்ட எப்படித் திருத்துவாரு? ரெண்டு மணிக்கப்புறம் எத்தன நோட்டு திருத்தினாரு, தம்பி?"

"நான் போறப்ப முதல் நோட்டத்தான் தொறந்தாரு," என்றான் ஹென்றி.

"அப்ப பதினொண்ணரை நோட்டு. கோப்பியில வெசம் இருந்தா அம்புட்டு திருத்தியிருக்க முடியாது. கோப்பி சுத்தம். நாலு மணிக்குக் குடிச்ச உப்புலதான் வெசம். தாளு வந்தது மாஸ்டர் செத்ததுக்கு அப்புறம். அக்காவும் தம்பியும் உள்ள வந்தப்பவே அது மேசையில இருந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்த ரூமுக்குள்ள ஒரு சட்டக் கை தெக்கிற நேரம் தனியா இருந்தது ஒருத்தர்தான்."

அவர் அலமாரியிலிருந்து உப்புப் புட்டியை எடுத்தார். ஒரு கரண்டி போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கிளாஸ் பொங்கி நுரைத்தது. அதைச் செபாஸ்டியனிடம் நீட்டினார்.

"சின்ன மாஸ்டருக்கு முகம் சரியில்ல. குடிங்க, வயிறு லேசாகும்."

செபாஸ்டியன் கையை நீட்டவில்லை. நுரை அடங்கும்வரை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு 'வில்' போடச் சொன்னேன்," என்றார் செபாஸ்டியன் கடைசியில். "மூன்று தடவை கேட்டேன். பள்ளிக்கூட வேலைக்கு நற்சான்று. ஆறு வருஷம் இவருக்குப் பலகை துடைத்திருக்கிறேன். 'காலப்போக்கில் நல்ல ஆசிரியர் ஆனாலும் ஆகலாம்' என்று 'மைட்' போட்டு எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு பினாங்கில் எவன் என்னை எடுப்பான்? மாற்றுங்கள் என்றால், 'எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்' என்றார்."

"அதுக்கு நான் ஏன் தூக்குல தொங்கணும், மாஸ்டர்?" என்றான் ஹென்றி.

செபாஸ்டியன் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பன்னிரண்டு பேரில் உன் தப்புத்தான் ஒழுங்காக, மாறாமல் வரும். எனக்கு மனப்பாடம்."

மேசைமேல் கிடந்த விலங்கு அவருடைய கைக்குப் போயிற்று. ஹென்றி எழுதித் திணறிய தாளை இன்ஸ்பெக்டர் எடுத்தார், ஒரு நிமிடம் படித்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போகச் சொல்லிக் கதவைக் காட்டினார்.

மணி 6.50. ஹென்றி படியிறங்கினான். கடைக்கு முன்னால் மற்ற மாணவர்கள் பதினொரு பேரும் கூட்டமாக நின்றார்கள். அவனைக் கண்டதும் இரண்டு அடி விலகி வழிவிட்டார்கள். மேலே போலீஸ் அவனை விசாரிக்கிறது என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் அப்துல் காதர்தான் தைரியமாக வாயைத் திறந்தான்.

"ஹென்றி, திங்கக்கிழம கிளாஸ் இருக்கா?"

ஹென்றி பதில் சொல்ல வாயெடுத்தான். மாலை ஐந்து மணியிலிருந்து அவன் தன் கழுத்தைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. கேட்ட பிறகுதான் அது உறைத்தது.

"மாஸ்டர் செத்துட்டாருடா," என்று சொல்லி நடைபாதையிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.