ஓடிக்கொண்டிருந்த மெஷின்

"அம்மன் சங்கிலிய நான் எடுக்கலங்க. சாயங்காலம் என்னைய பொலிசுல குடுக்கப் போறாங்களாம்."

நாகலெட்சுமி உட்காரவில்லை. லியனார்ட் கையிலிருந்த ஸ்பேனரை வைத்தார். பொலிஸிலிருந்து ஓய்வுபெற்றபின் கொட்டகலைக் கடைத்தெருவில் பம்பு பழுதுபார்ப்பவர். கடையில் உதவிக்கு அக்கா மகள் ஏஞ்சலா.

"நடந்ததைச் சொல்லுங்கம்மா."

நாளை தோட்டத்துக் கோயிலில் தேர். அம்மன் ஏறும் லொறியைக் காலையில் கோயில் முற்றத்தில் லொறிப் பையன் சுமன் தண்ணீர் பீய்ச்சும் மெஷினால் கழுவிக்கொண்டிருந்தான். நாகலெட்சுமி கோயில் அறையைக் கூட்டிவிட்டுப் பூப்பறிக்கப் போனாள். கோயில் தலைவர் கணேசமூர்த்தி எதிரே இருந்த சாயக்கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார். அவர் திரும்பியபோது நகைப்பெட்டியில் சங்கிலி இல்லை.

"சுமன்?" என்றாள் ஏஞ்சலா.

"அவன் மெஷின விட்டு நகரலையாம். தலைவரே சத்தியம் பண்றாரு."

மூவரும் கோயிலுக்குப் போனார்கள்.

"சத்தம் ஒரு நிமிஷம் நிக்கலீங்க," என்றார் கணேசமூர்த்தி. "பேக்டரி சத்தத்தக் கேட்டே வளந்தவன் நான். மெஷின் ஓடினா வேலை நடக்குது. அவ்வளவுதான்."

"கைய எடுக்கவே இல்லீங்க," என்றான் சுமன்.

லியனார்ட் லொறியைச் சுற்றி வந்தார். ஒரு பக்கம் பளபளத்தது. மறுபக்கம் சோப்பு நுரை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பெற்றோல் மெஷினின் அருகே குனிந்தார். சுற்றிலும் புல் பனியில் நிமிர்ந்து நின்றது. பம்பின் அடியில் மட்டும் வதக்கிய கீரைபோலத் துவண்டு கிடந்தது.

"சோப்புத் தண்ணி பட்டிருக்கும் மாமா."

"சோப்பு புல்ல வேகவைக்காது."

அவர் மெஷினைத் தட்டிக்கொடுத்தார். "தலைவரே, சாயக்கடையில போய் அந்தப் பக்கம் பாத்து நில்லுங்க. நான் கழுவுறேனா இல்லையான்னு சத்தமாச் சொல்லுங்க."

எஞ்சின் உறுமியது. தண்ணீர் லொறியில் சீறியது.

"கழுவுறீங்க!"

சிறிது நேரம் கழிந்தது.

"இன்னும் கழுவுறீங்க!"

கணேசமூர்த்தியின் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினார். லியனார்ட் நின்றிருந்தார். முற்றத்தில் மெஷின் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே," என்றார் கணேசமூர்த்தி.

முற்றத்துக்குத் திரும்பி எஞ்சினை நிறுத்தியதும் ஏஞ்சலாவால் பொறுக்க முடியவில்லை. "எப்படி மாமா?"

"பம்பு தண்ணியத் தள்ளுது. குழாய் முனையில ஊசித்துளை. அம்புட்டுத் தண்ணியும் அதுல நெருக்கிக்கிட்டுத்தான் வெளிய வரணும். அந்த நெருக்கம்தான் சேத்த உரிக்குது. கைப்பிடியில அழுத்துற விசைய விட்டா முனையில தண்ணி நிக்கும், எஞ்சின் நிக்காது. தண்ணி பம்புக்குள்ளயே சுத்தும். சுத்தச் சுத்தச் சூடேறும். பம்பு கெட்டுப்போகாம இருக்க ஒரு குட்டி வால்வு தானாத் திறந்து சுடுதண்ணியத் துப்பும்." அவர் துவண்ட புல்லைப் பார்த்துப் புன்னகைத்தார். "யோசிச்சுச் செஞ்சவன் கெட்டிக்காரன். தன்னையே காப்பாத்திக்கிற மெஷின்."

"ஒண்ணுக்குப் போயிருப்பேன்," என்றான் சுமன்.

"நுரை காயிற வரைக்குமா?" என்றாள் ஏஞ்சலா.

"போயிருந்தா, கைய எடுக்கலன்னு ஏன் சொன்ன?" லியனார்ட் குரலை உயர்த்தவில்லை. "தலைவரே, இவனச் சோதிச்சீங்களா?"

"சட்டை, லொறி எல்லாம் பாத்தோம்."

"சோப்புக் கேன்?"

சுமன் கேனுக்குள் கையை விட்டான். சங்கிலி நுரையோடு வந்தது.

கணேசமூர்த்தி அதைத் துடைத்து நாகலெட்சுமியிடம் நீட்டினார். "நீயே பெட்டியில வச்சிரும்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

அவள் கைநீட்டவில்லை.

"திருடின்னு நீங்க கத்துனது லயத்து வீடு முழுக்கக் கேட்டுச்சுங்க. இப்ப மெதுவாப் பேசுறீங்க."

லியனார்ட் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

கணேசமூர்த்தி கோயிலுக்குள் போனார். கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. மலைச்சரிவில் கொழுந்து பறித்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

அவர் முதலில் அவள் முழுப்பெயரைச் சொன்னார்.