பதினெட்டாயிரம் ரூபாய் நடை மிஷின்

விஜயதசமி. காலை மணி 6:12.

சர்க்கரை போடாத காபியோடு அறைக்குள் நுழைந்த பூங்கோதை டம்ளரைக் கீழே போட்டாள். மாமனார் கூத்தையா நடை மிஷினுக்குப் பின்னால், கட்டில் காலோரம் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். மிஷின் ஆளில்லாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அலறினாள்.

கடலாடிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊர் கூடுவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மலிவு மிஷின் ஆளைத் தூக்கி அடித்துவிட்டது என்றார்கள். குற்றவாளி யாரென்று முடிவு கட்ட அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. மிஷினைத் தேடிப் பிடித்து வாங்கியவள் பூங்கோதை. இருக்கிறதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கியவளும் அவள்தான். அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததும் அவள் ஒருத்திதான். மாமியார் சோலையம்மாள் விடியற்காலை ஐந்து மணிக்கே ஊர்ப் பெண்களோடு உத்தரகோசமங்கைக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தால் சும்மா இருக்குமா?

மணி 7:05. மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவன் மாரீஸ்வரன் போனில் வந்தான்.

"முனியசாமி சித்தப்பா சொல்றது நெசமா? ரூவாய்க்குப் பாத்து எங்க அய்யாவக் கொன்னுட்டியே! நான் வாரப்ப நீ அந்த வீட்டுல இருக்கக் கூடாது. புள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டு உங்க அய்யா வீட்டுக்குப் போயிரு."

அவள் பதில் சொல்வதற்குள் போன் கட் ஆகிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

மணி 7:30. கடலாடி எஸ்.ஐ. முருகேஸ்வரி ஜீப்பிலிருந்து இறங்கினார். நாற்பத்து நான்கு வயது. கூடவே ஏட்டு இமானுவேல். எஸ்.ஐ. அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்கும் சர்க்கரை உண்டு. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் திட்டியதிலிருந்து மூன்று மாதமாக, தம் குவார்ட்டர்ஸுக்குள் அடங்குகிற மாதிரி ஒரு டிரெட்மில்லை போனில் தேடிக்கொண்டிருந்தார். பார்த்த மாடல் ஐம்பதுக்கு மேல் இருக்கும். வாங்கியது ஒன்றும் இல்லை.

பத்துக்குப் பத்து அறை. ஒரு பக்கம் மிளகாய் மூட்டைகள், ஒரு பக்கம் இரும்புக் கட்டில், நடுவில் மிஷின். அதன் கைப்பிடி மடங்கிக் கிடந்தது. வடக்குச் சுவரோரம் முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சாமான்கள் வரிசையாக நின்றன. மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, மருந்தடிக்கிற பம்பு. எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். மிஷினும் தப்பவில்லை. மோட்டார் மூடியில் மூன்று விரல் சந்தனப் பட்டை. கால் வைக்கிற பெல்ட்டின் பின்பக்கத்திலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அதே பட்டை. கடையில் ஒட்டிய லேபிள் மாதிரி பளிச்சென்று இருந்தது.

முருகேஸ்வரி இறந்தவரின் உள்ளங்காலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கட்டில் காலில் ரத்தக் கறை. பிறகு பூஜைச் சாமான்கள் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டின் ஓரத்தையும் நகத்தால் தொட்டுப் பார்த்தார். கடப்பாரையிடம் வந்ததும் கைக்குட்டையை எடுத்து நகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும் உள்ள வரக் கூடாது, இமானுவேல். சாமி கும்புடுறவங்களும்தான்."

மணி 8:10. பூங்கோதை.

"இந்த மாடலை ஏன் எடுத்த?"

"மாமாவுக்குச் சக்கரை முந்நூறு, மேடம். ரோட்டுல நடந்தா நாயி, வெயிலு. காட்டுப் பக்கம் போனா கருவேல முள்ளு. ரெண்டு மாசம் பாத்துத்தான் எடுத்தேன். மாமா எடை எம்பத்தி நாலு, இது நூத்திப்பத்து தாங்கும். மடக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளிரலாம். உசரம் கம்மி, ஏறயில தடுக்காது."

"வேகம்?"

"கைப்பிடிய நிமுத்துனா பத்து. மடக்குனா ஆறுக்கு மேல போகாது. வயசானவுகளுக்கு அதான் நல்லதுன்னு இத எடுத்தேன்."

"சர்வீஸுக்கு ஆள்?"

"ராமநாதபுரத்துலருந்து வாராங்க."

இமானுவேல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எந்தக் கேள்வி கேஸுக்கு, எந்தக் கேள்வி மேடத்தின் குவார்ட்டர்ஸுக்கு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

முருகேஸ்வரி குரலை இறக்கினார். "கைப்பிடி மடங்கித்தான் கிடக்கு. ஆறு கிலோமீட்டர் வேகத்துல ஓடுற மிஷின் ஒரு ஆளைப் பின்மண்டை உடையுற மாதிரித் தூக்கி எறியாது. மிஷின் கொல்லலன்னா ஒரு ஆளு கொன்னிருக்கணும். வீட்டுல இருந்தது நீ மட்டும்."

வாங்கிய மிஷின் நல்லதென்று சொல்லச் சொல்லப் பூங்கோதையின் கழுத்தில்தான் கயிறு இறுகியது.

"காலையில என்ன பண்ணுன?"

"அஞ்சேகாலுக்குக் கொட்டத்துக்குப் போனேன். பால் கறந்து, சாணி அள்ளி... அஞ்சு நாப்பதுக்கு மிஷின் சத்தம் கேட்டுச்சு. ங்ஙொய்னு ஒரே சீரா. பூஜை பிரிக்காம மாமா எதையும் தொட மாட்டாகளேன்னு நெனச்சேன். சரி, சக்கரைக்குப் பயந்து ஏறிட்டாக போலன்னு விட்டுட்டேன்."

"வேற சத்தம்?"

"இல்ல மேடம். அது மட்டுந்தான்."

மணி 8:50. கூத்தையாவின் தம்பி முனியசாமி. வீடு அடுத்த தெரு. அண்ணன் தம்பி பேரில் கூட்டாக இருக்கும் பதினாலு ஏக்கரைச் சோலார் கம்பெனிக்குக் கொடுக்க அவருக்கு ஆசை. அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தார். இது ஊரறிந்த சண்டை.

"காலையில எங்க இருந்தீங்க?"

"அஞ்சே முக்காலுக்கு டீக்கடைக்கு வந்துட்டேன். ஆறேகால் வரைக்கும் அங்கனதான். பத்துப் பேரக் கேட்டுக்கங்க."

"வர்ற வழியில இந்த வீட்டைத் தாண்டித்தான வரணும்?"

"ஆமா. சன்னல் வழியா மிஷின் சத்தம் கேட்டுச்சு. அண்ணன் தப்பு தப்புனு கால எடுத்து வைக்கிறது ரோடு வரைக்கும் கேட்டுச்சு. சரி, ஆளு நடக்குறாருன்னு போயிட்டேன். அந்த மலிவு மிஷினு இப்படி அடிச்சுப் போடும்னு யாரு கண்டா? அவளத் தூக்கி உள்ள வைங்க!"

டீக்கடைக்காரர் சத்தியம் பண்ணினார். ஐந்தே முக்காலுக்கு முனியசாமி வந்தது நிஜம், ஆறேகால் வரை நகராமல் இருந்ததும் நிஜம்.

மணி 9:30. கோயிலிலிருந்து பாதி வழியில் திரும்பிய சோலையம்மாள் வாசலில் விழுந்து புரண்டாள். மருமகளைப் பார்த்ததும் மண்ணை வாரித் தூற்றினாள். "படிச்சவளாமுல்ல! எந் தாலிய அறுக்கத்தான் படிச்சியாடி?" பூங்கோதை சுவரோடு ஒட்டி நின்றாள். பக்கத்தில் ஒரு பை இருந்தது. அவளுடைய துணிமணி. பிள்ளையின் துணி ஒன்றுகூட அதில் இல்லை.

மணி 10:40. முருகேஸ்வரி எல்லோரையும் அறை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"சோலையம்மா, மிஷினுக்குப் பட்டை போட்டது யாரு?"

"அவருதான். நேத்துச் சாயங்காலம். மூத்தவரு கையாலதான் போடணும்."

"பெல்ட்டுல எந்த இடத்துல போட்டாரு?"

"மோட்டார ஒட்டி, முன்னால. மேலயும் கீழயும் ஒண்ணாத் தெரியணும்னு சொன்னாரு."

"இப்பப் பாருங்க. பட்டை பின்னால வந்திருக்கு. அப்ப மிஷின் ஓடியிருக்கு, சரி. எவ்வளவு நேரம்? அரை மணி. பெல்ட் சின்னது. நிமிஷத்துக்கு இருபது தடவைக்குக் குறையாம அந்தப் பட்டை சுத்தி வரும். எம்பத்தி நாலு கிலோ ஆளு அரை மணி நேரம் அதுமேல நடந்தா அந்தச் சந்தனம் என்ன ஆகும்? பொடிப் பொடியா உதுந்து உள்ளங்கால்ல ஒட்டியிருக்காதா? பட்டையில மிதிச்ச தடம் ஒண்ணுகூட இல்ல. பாதம் கழுவி விட்ட மாதிரி இருக்கு. மிஷின் ஓடுச்சு. ஆனா அதுல யாரும் ஏறல."

முனியசாமி முந்திக்கொண்டார். "அப்ப இவளே அடிச்சுப் போட்டுட்டு ஓட விட்டிருக்கா!"

"இவ எதுக்கு ஓட விடணும்? இவ இந்த வீட்டுலயேதான் இருந்தா. மிஷின் ஓடுனா என்ன, நின்னா என்ன? அஞ்சு நாப்பதுக்கு மேல அண்ணன் உசுரோட இருந்தாருன்னு ஊரு நம்பணும். அது வெளிய டீக்கடையில உக்காந்திருக்கவருக்குத்தான் வேணும். யோவ் முனியசாமி, இவகிட்ட என்ன சத்தம் கேட்டுச்சுன்னு கேட்டேன். மிஷின் சத்தம் மட்டும்னு சொன்னா. நீ மட்டும் கால் வைக்கிற சத்தமும் கேட்டுச்சுன்னு சொன்ன. ஏறாத ஆளுக்குக் காலு எங்கருந்துய்யா வந்துச்சு?"

முனியசாமி கூட்டத்துக்குள் ஒரு அடி பின்வாங்கினார்.

"கையெழுத்துக் கேக்க விடியக்காலையில வந்த. அவரு முடியாதுன்னு திரும்பிக்கிட்டாரு. கைக்குக் கிடைச்சது கடப்பாரை. அடிச்ச. ரத்தத்தக் கழுவுன. கட்டில் கால்ல கொஞ்சம் பூசுன. மிஷினத் தட்டி விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்ட. எல்லாம் சரி. ஆனா கடப்பாரையக் கழுவுனதுல பொட்டும் போயிருச்சு. பூஜை வரிசையில பொட்டில்லாத ஆயுதத்த வைக்க உனக்குக் கை வரல. பூஜைக் கிண்ணத்துல மிஞ்சுன சந்தனத்தக் கொழச்சு, குங்குமத்தோட நீயே வச்சிட்ட. மத்த எல்லாப் பொட்டும் ராத்திரியே காஞ்சு வெடிச்சிருக்கு. கடப்பாரையில மட்டும் காலையில ஈரம். கூடப் பொறந்தவன் மண்டையப் பொளக்கப் பயப்படல, பொட்டில்லாம வைக்கப் பயந்துட்ட. அதுல உன் மோதிர விரல் ரேகை அச்சுக் குத்துன மாதிரி இருக்கு. ரேகை எடுக்குறவங்க ராமநாதபுரத்துலருந்து வந்துக்கிட்டிருக்காங்க."

முனியசாமி தன் வலது கையை வேட்டிக்குள் மறைத்தார். அந்த ஒரு அசைவு போதுமாயிருந்தது. இமானுவேல் தோளைப் பிடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு கையெழுத்துத்தான கேட்டேன்..." என்று அழுதார். காலையில் அவரோடு சேர்ந்து கத்திய கூட்டம் இப்போது தரையைப் பார்த்தது.

மணி 11:15. போன் அடித்தது. மாரீஸ்வரன், விமான நிலையத்திலிருந்து. சோலையம்மாள் எடுத்தாள்.

"ஏலே, உங்க அய்யாவக் கொன்னது உஞ் சித்தப்பன். மிஷினும் இல்ல, உம் பொண்டாட்டியும் இல்ல. சக்கரை நூத்தி அறுவதுக்கு எறங்கிருச்சுன்னு போன வாரந்தான்டா அந்த மனுசன் மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு. அவ வாங்கிக் குடுத்த மிஷினாலதான். நானும் இவள மண்ணை வாரித் தூத்திட்டேன். எங் கையி அழுகிப் போக! இந்தா, அவகிட்டப் பேசு."

போனில் மாரீஸ்வரன் விம்முவது வெளியே கேட்டது. மன்னிச்சிரு என்று மூன்று முறை சொன்னான். பூங்கோதை அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். உள்ளே போய், அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"மொதல்ல வந்து மாமாவுக்குக் கொள்ளி வைங்க. இந்த வீட்டுல யாரு இருக்குறது, யாரு போறதுன்னு பெறகு நான் சொல்றேன்."