பின்னால் ஓடிக்கொண்டிருந்தது

விளையாட்டு நின்றது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஏழு வருடப் பழைய கம்ப்யூட்டரில் புது விளையாட்டை ஏற்றினால் அதுவும்தான் என்ன செய்யும், நடுநடுவே மூச்சு வாங்கத்தான் செய்யும். துப்பாக்கியை உயர்த்திய வீரன் உயர்த்தியபடியே நின்றான், அவன் காலடியில் கிளம்பிய புழுதி கிளம்பியபடியே நின்றது, மவுஸை எத்தனை இழுத்தும் அம்புக்குறி நகரவில்லை. படம் இப்படி உறைந்தால் கடைசியாக வந்த சத்தம் ஹெட்போனில் திக்குவாய் போலத் திரும்பத் திரும்பக் கேட்கும். பதினொரு வருடமாக அவனுக்குச் சோறு போடுவது கம்ப்யூட்டர்கள்தான், அவனுக்குத் தெரியாதா? ஆனால் இன்று அப்படிக் கேட்கவில்லை. ஹெட்போனுக்குள் ஓர் அறையின் அமைதி இருந்தது. அந்த அமைதிக்குள் எங்கோ ஒரு மின்விசிறி சுற்றியது. அதற்கும் அடியில், சளி கட்டிய மூச்சு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். மதியம் இரண்டு மணி. வீட்டில் அவனைத் தவிர யாருமில்லை. எந்த அறையிலும் மின்விசிறி ஓடவில்லை.

எது எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தான். முதல் வரியில் விளையாட்டு. இரண்டாவது வரியில் ‘அப்பா மணி’ என்றிருந்தது. அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான். அதை அடியோடு அழித்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் அவன் மெக்கானிக். சொந்தக்காரர்கள் அவனை ‘டாக்டர்’ என்று கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனாலும் அவனுக்கு உள்ளூரக் குளிரும். மெதுவாக ஓடுகிறது, அடிக்கடி நின்றுவிடுகிறது என்று யார் வந்து அழுதாலும் அவனிடம் ஒரே மருந்துதான். “பின்னாடி என்னென்ன ஓடுதுன்னு பாருங்க. தேவையில்லாததை மூடுங்க. அப்புறம் பாருங்க, பறக்கும்.”

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனபோது, காலையும் இரவும் அக்காவின் பொறுப்பு. பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்துவிட்டு வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, அப்புறம்தான் அவள் உட்காருவாள். கடைக்கு மதிய இடைவேளை என்பதால் ஒன்றிலிருந்து நான்குவரை அவன் முறை. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் ‘அப்பா மணி’யை உருவாக்கினான். முன்னறைச் சுவரில் ஒரு சின்னக் கேமரா. அப்பா அதைப் பார்த்து இடக்கையை ஆட்டினால் அவன் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். அந்த அறை திரையில் விரியும். எதையும் பதிவு செய்யாது, காட்டும், அவ்வளவுதான். “என் தம்பி மூளையைப் பாருங்க,” என்று அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நிம்மதியாக உட்கார்ந்து விளையாடுவதற்காகத்தான் அதைச் செய்தான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

ஒன்பது வாரத்துக்கு முன்பு ஒரு மதியம், ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் படம் உறைந்தது. பட்டியலைத் திறந்தான். ‘அப்பா மணி’ நினைவகத்தில் பாதியை ஏப்பம் விட்டிருந்தது. ஒரு ஆட்டம்தானே என்று மூடினான். விளையாட்டு பறந்தது.

ஆட்டம் முடிந்து அவன் எழுந்து போனபோது நாற்பது நிமிடம் கடந்திருந்தது. அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தார், கழுத்து மடங்கி.

அக்காவிடம் மணி அடித்ததும் ஓடினேன் என்று சொன்னான். தூக்கி மடியில் போட்டேன், அதற்குள் போய்விட்டார் என்றான். அக்கா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீயாவது பக்கத்துல இருந்தியே. அது போதும்டா எனக்கு.” துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். தம்பி மடியில்தான் உயிர் போச்சு, அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை என்றாள். அத்தை அவன் தலையைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குச் செருப்படியாக விழுந்தது. நிமிராமல் உட்கார்ந்திருந்தான், அதையும் அவர்கள் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அக்காவிடம் மறைத்தது அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்று அவன் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தான்.

அந்த ‘அப்பா மணி’தான் இப்போது பட்டியலில் நின்றது. மூடினான். போனது. விளையாட்டு மறுபடி ஓடியது. அவன் விளையாடினான். ஆம், விளையாடினான், எழுந்து ஓடியிருக்க வேண்டியவன், ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். இனி தொடவே மாட்டேன் என்று அப்பாவுக்குக் காரியம் செய்த அன்று சத்தியம் செய்தவன், மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அதை நினைத்தால் அவனுக்கே தன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மறுநாள் அது திரும்பி வந்தது, முந்தைய நாளைவிடப் பருத்து. எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினான். எந்தக் கோப்பும் இல்லை. வைரஸ் இருக்கிறதா என்று சோதித்தான். பெட்டியைத் திறந்து தூசி தட்டினான். கடையிலிருந்து இன்னொரு மடங்கு ராம் நினைவகம் வாங்கிவந்து செருகினான். போட்டதையெல்லாம் அது ஒரே மதியத்தில் தின்று தீர்த்தது. கடைசியில் ஹார்ட் டிஸ்க்கை முழுக்க அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். விளையாட்டு எதுவும் போடாத, துடைத்துவைத்த கம்ப்யூட்டர். பட்டியலைத் திறந்தான். ‘அப்பா மணி’ ஓடிக்கொண்டிருந்தது.

“டாக்டருக்கே காய்ச்சலா?” கடை முதலாளி சிரித்தார். “பெட்டியைத் தூக்கிட்டு வா, நான் பாக்கறேன்.”

“வேணாம் சார். சின்ன விஷயம்தான்.”

அவர் திறந்து பார்க்கும்போது திரையில் என்ன வருமோ. திருடன் தன் மூட்டையைக் காப்பதுபோல அந்தப் பெட்டியை அவன் யாரையும் தொடவிடவில்லை.

ஒவ்வொரு முறை உறையும்போதும் ஹெட்போனில் இன்னும் சில நொடிகள் கூடுதலாகக் கேட்டன. கட்டிலின் இரும்பு முனகியது. போர்வை வழுக்கி விழுந்தது. ஏதோ கனமானது சரிந்தது. பிறகு சுவரை நகம் பிராண்டும் சத்தம், பொறுமையாக, விட்டுவிட்டு. அந்த நாற்பது நிமிடத்தில் முன்னறையில் நடந்தது உலகத்தில் யாருக்கும் தெரியாது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குத் தெரிய வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை அக்காவுக்கு அரைநாள் பள்ளி. அவள் சாவி போட்டுத் திறந்த சத்தம் அவன் காதில் விழவில்லை. படம் அப்போதுதான் உறைந்திருந்தது. ஹெட்போனில் மூச்சு. நகம். அதன்மேல், இதுவரை வராத ஒன்று.

மணி.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். மணி நிற்கவில்லை. ஸ்பீக்கர்களை அவன் என்றோ கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டிருந்தான். ஆனாலும் அறை முழுக்க அடித்தது.

“தம்பி, மணி அடிக்குது பாரு.”

அறை வாசலில் அக்கா நின்றிருந்தாள், தோளில் பையோடு. அவள் முகத்தில் பயம் இல்லை. எட்டு மாதம் இரவிலும் விடுமுறையிலும் அந்த மணிக்கு ஓடிப் பழகிய உடம்பு, திடுக்கிட மறந்துவிட்டது.

“அது… பழைய சாஃப்ட்வேர்க்கா. ஏதோ கோளாறு. மூடிடறேன்.”

“மூடாதே.”

ஜன்னல் ஒன்று திரையில் விரிந்தது. முன்னறை. இரும்புக் கட்டில், நீல விரிப்பு. ஓரத்தில் நிமிடம் ஓடியது. முப்பத்தாறு.

“கேமராவைக் கழட்டிட்டேன்னியே.”

“கழட்டிட்டேன்க்கா.”

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து ஒரு கை எழும்பியது. இடக்கை. விரல்கள் விரிந்தன. கேமராவைப் பார்த்து அசைந்தன. விழுந்தன. மறுபடி எழும்பின.

“மணி அடிச்சதும் ஓடினேன்னு சொன்னே.”

அவன் கை மவுஸைத் தேடியது.

“நீ எங்கடா இருந்தே?”

“இங்கதான்க்கா.”

தன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவள் ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் விசைகளைத் தட்டினான். எதுவும் வேலை செய்யவில்லை. பெட்டியை அணைக்கக் கை நீட்டினான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கையை எடு. எங்கப்பாவை நான் பாக்கறேன்.”

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அவள் ஒரு நொடியும் விடாமல் பார்த்தாள். அவமானத்தில் அவன் காது மடல்கள் எரிந்தன.

நாற்பத்தொன்று. திரையில் கதவு திறந்தது. அவன் நுழைந்தான், கழுத்தில் ஹெட்போன் தொங்க. அக்காவிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அப்பாவுக்கு உயிர் இருந்தது. கண் திரும்பியது, அவனைப் பார்த்தது. இடக்கை அவனை நோக்கி நீண்டது.

திரையில் இருந்தவன் அசையாமல் நின்றான். பார்த்தான். பிறகு திரும்பி வெளியே போனான்.

“எங்கடா போறே?” அக்கா கேட்டாள். திரையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

எங்கே போனான் என்று பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியும். இந்த நாற்காலிக்குத்தான் வந்தான். யாராவது வந்து பார்த்தால் மணி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதை முதலில் போட்டுவிடலாம் என்று. கம்ப்யூட்டர் உறைந்து கிடந்தது. அது திறக்கும்வரை, நகத்தைக் கடித்துக்கொண்டு, இங்கே உட்கார்ந்திருந்தான். இரண்டு நிமிடம். திரும்பிப் போனபோது அந்தக் கண்கள் நின்றிருந்தன. இதை அவன் தனக்குத் தானேகூடச் சொன்னதில்லை.

நாற்பத்துமூன்று. திரையில் அவன் இப்போது வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

நாற்பத்தைந்து. ஐம்பது. கதவு திறந்தே கிடந்தது. அப்பா சாகவில்லை. மூச்சு ஏறியது. இறங்கியது. கை கதவைப் பார்த்து நீண்டபடியே இருந்தது.

அக்கா எழுந்தாள். “அவன் வரமாட்டான்ப்பா. நான் வரேன்.”

நடந்து போனாள். கூடத்தில் அவள் காலடிச் சத்தம். முன்னறைத் தாழ்ப்பாள்.

திரையில் வாசலில் அவள் நின்றாள். இன்றைய உடை. தோளில் அதே பை. தரையில் உட்கார்ந்து அப்பாவின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் ஓடினான். முன்னறை காலியாக இருந்தது. வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்து எத்தனையோ நாள் ஆயிற்று. தரையில் நான்கு கால் தடம். வெயில். யாருமில்லை.

“அக்கா!”

அவன் முழங்கால் உயரத்தில், வெறும் காற்றில், அவள் குரல் யாரையோ தேற்றிக்கொண்டிருந்தது. கூடவே அந்த மூச்சு.

திரும்பி ஓடி வந்தான். திரையில் படம் திக்கியது. நினைவகம் முழுக்க நிரம்பியிருந்தது. அக்கா கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். வாய் பாதி திறந்தது. அப்படியே நின்றது. அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. மணியும் நின்றது.

திரையின் நடுவில் ஒரு அறிவிப்புப் பெட்டி எழுந்தது. இந்த நிரல் பதிலளிக்கவில்லை. மூடவா? காத்திருக்கவா?

காத்திரு என்பதை அழுத்தினான்.

அக்காவின் இமை ஒருமுறை மூடித் திறந்தது. நின்றது. பெட்டி மறுபடி எழுந்தது. அழுத்தினான். அப்பாவின் நெஞ்சு ஒருமுறை ஏறியது. நின்றது. பெட்டி. அழுத்தினான். ஒரு அழுத்தலுக்கு ஒரு மூச்சு. இவருக்கு ஒன்று. அவளுக்கு ஒன்று. ஒருமுறை தாமதித்துப் பார்த்தான். அக்காவின் உதடு மெல்ல நீலம் பாய்ந்தது. அழுத்தினான். அழுத்தினான்.

ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது. விரல் மரத்துப் போனபோது இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். திரையில் அந்த இரண்டு முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.