இருநூற்றுப் பதிமூன்றாவது ஆள்

"உலை வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே ஜெசிந்தா அடுப்பைப் பற்றவைத்தாள். அடுத்த அறையில் யாரோ "தலை சீவுறேன்" என்றார்கள். ஒன்பதாம் மிதவையூரில் இப்போதெல்லாம் காலை இப்படித்தான் தொடங்குகிறது. அடுப்படியில் உட்கார்ந்திருந்த தமயந்தி குறிப்பேட்டைத் திறக்கவில்லை. அவள் அங்கே தங்க அரசு அனுமதித்திருந்த நாற்பது நாளில் இதுதான் கடைசி.

கடல் ஏறிக் கரையூர்களை விழுங்கிய பிறகு ஒரு சட்டம் வந்தது. வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கமாவது இருந்தால்தான் ஓர் ஊர் சேர்ந்து வாழலாம். இல்லாவிட்டால் அதன் மக்களைப் பன்னிரண்டு நகரங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். இனவரைவாளர் ஒருவர் வந்து தங்கி ஊரின் வழக்கங்களை எழுதுவார். அதைப் பண்பாட்டு ஒப்பி என்ற இயந்திரம் மற்ற ஊர்களோடு பொருத்திப் பார்க்கும். தமயந்தி எழுதிய கல்யாணம், சாவு, மீன் பங்கு எல்லாமே 'ஏற்கெனவே உண்டு' என்று திரும்பிவிட்டன.

நேற்று ஒன்று மட்டும் தேறியது: செய்வதை வாய்விட்டுச் சொல்வது. ஆனால் அது அவள் கொடுத்தது. எல்லாரையும் பார்த்து எழுதக் கண் போதாமல், முதல் நாள் அவள்தான் அப்படிச் சொல்லச் சொன்னாள். இப்போது தனியே விளையாடும் குழந்தைகள்கூடச் சொல்கின்றன.

ஊர்த்தலைவியான ஜெசிந்தாவிடம் அதை ஒப்புக்கொண்டாள். வெளியாள் கொண்டுவந்த வழக்கம் செல்லாது. ஆரம்பித்தவர் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்க வேண்டும்.

"அப்ப பட்டியல்ல சேந்திருங்க" என்றாள் ஜெசிந்தா, அரிசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பதிவாயிட்டா இந்தப் பழக்கத்த நீங்க விட முடியாதுக்கா. வருஷா வருஷம் வந்து பாப்பாங்க."

"சண்ட போடும்போதும் சொல்லணுமா?"

"அப்பவும்தான்."

"நல்லதுதான். பாதிச் சண்ட அங்கயே நின்னுரும்."

தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. சேர்ந்தால் இனவரைவாளர் உரிமம் போகும், மலைநகரத்து வீடு போகும். பட்டியலில் ஏறியவர் இறங்க முடியாது. சேராவிட்டால் இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இனி ஒருவரையொருவர் பார்க்கப்போவதில்லை.

மதியம் அரசுப் படகு வந்தது. அவளுடைய அறிக்கையையும் உரிமத்தையும் வாங்கிக்கொண்டு அவளில்லாமல் திரும்பிப் போனது.

ஜெசிந்தா ஓர் அலமாரியைக் காலி செய்து கொடுத்தாள். மூலையில் கிடந்த ஈரத்துண்டைக் காலால் தள்ளினாள்.

"இத இங்க போடாதன்னு சொல்ல எத்தன நாளா நெனச்சிட்டிருக்கேன் தெரியுமா? எடுத்துக் காயப்போடு."

தமயந்தி குனிந்து துண்டை எடுத்தாள். பதினோரு ஊர்களில் தங்கியிருக்கிறாள். எங்கேயும் யாரும் அவளைத் திட்டியதில்லை.