ஐந்து வீடுகளில் ஓர் ஆறு

அக்காவின் வகுப்பில் இலக்கியப் பாடம் எடுத்தவர்கள் மொத்தமே ஐந்து பேர். கோடை விடுமுறையில் அந்த ஐந்து பேரும் ஒரு நாவலைப் படித்துவிட்டு வர வேண்டும். பள்ளி திறந்த முதல் நாளே ஒவ்வொருவரும் எழுந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியை அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாவல் அறுநூறு பக்கம். பள்ளி நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி. கடைகளில் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

அந்த ஒரு பிரதிக்கும் முதுகு உடைந்து தையல் விட்டுப்போயிருந்தது. விடுமுறை முடிந்ததும் பைண்டிங்குக்கு அனுப்ப எடுத்துவைத்திருந்தார்கள். எப்படியும் பிரித்துத்தானே தைக்கப்போகிறார்கள், இப்போதே பிரித்தால் என்ன என்றார் நூலகர். ஐந்து பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்டை வைத்து, நாடாவால் கட்டிக் கொடுத்தார்.

ஒரு பாகத்துக்கு ஐந்து நாள். முதல் ஆள் முதல் பாகத்தை முடித்து இரண்டாவது ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த பாகத்தை எடுத்துக்கொள்வார். ரயில்பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பாகங்களும் ஐந்து வீடுகளுக்கும் போக வேண்டும். அக்கா கடைசி ஆள்.

பாகங்களை வீடு வீடாகக் கொண்டுபோகும் வேலையைக் குண்டூசி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

குண்டூசி அக்காவின் தங்கை. வயது பத்து. ஒல்லியாக இருப்பாள், சமயத்தில் சுருக்கென்று குத்தவும் செய்வாள். அதனால் அந்தப் பெயர். புது சைக்கிள் வந்ததிலிருந்து, உப்பு ஜாடி நிறைய இருக்கும்போதே உப்பு வாங்கி வரட்டுமா என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தவள்.

கதையை முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளுக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். நான் படித்தால்தானே சொல்வதற்கு என்றாள் குண்டூசி.

ஆனால் ஐந்தாவது சுற்றில் ஐந்து பாகங்களும் ஐந்து வீடுகளில் இருந்தன. ஒரு சாயங்காலம் சும்மா எல்லா வீட்டுப் பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

முதல் வீட்டில் கண்ணாடி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். படகோட்டிக்கு வயதாகிவிட்டதாம், துடுப்பைத் தூக்க முடியவில்லையாம். அடுத்த தெருவில் வகுப்புத் தலைவி, ஆற்றில் வெள்ளம் வருகிறது, நடுவில் என்னைக் கூப்பிடாதே என்று ஜன்னலைச் சாத்தினாள். அதற்கடுத்த வீட்டில் ‘மைக்’ என்று எல்லோரும் கூப்பிடும் அண்ணன், படகில் ஏறிய ஆடு ஒன்று பயணியின் தொப்பியைத் தின்றதைப் படித்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அக்காவின் கையில் முதல் பாகம். அதில் ஒரு சின்னப் பையன் தண்ணீரைப் பார்த்தாலே அழுகிறான் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

குண்டூசி சட்டென்று சைக்கிளை நிறுத்தினாள்.

எல்லாம் ஒரே ஆள்.

இதோ, இந்த நிமிஷம், ஒரு வீட்டில் அவனுக்கு ஏழு வயது. நான்கு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் அவன் தலை நரைத்துவிட்டது. ஒரே ஆறு ஐந்து வீடுகளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பை நிறையக் காய் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது தெரியவில்லை. அவளுக்குக் கைமுடி சிலிர்த்தது.

நான்காவது வீட்டிலிருந்து மட்டும் எந்தச் செய்தியும் இல்லை. அது ‘ஒட்டடைக்கம்பு’ அண்ணனின் வீடு. அவன் வாசலில் நிற்கும்போது நிலையில் தலை இடிக்கும். இரண்டாம் பாகம் அவனிடம் இருந்தது.

கொடுக்க வேண்டிய நாளில் அவன் கதவைப் பாதி திறந்து, நாளைக்கு வா என்றான். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு மறுநாளும்.

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“காலை நீட்டித் தூங்கியிருப்பான். நாளைக்கும் குடுக்கலைன்னா டீச்சருக்கு ஃபோன் பண்ணிடுவேன். பாவம் பாத்தா நான்தான் முதல் நாள் திருதிருன்னு முழிச்சுட்டு நிக்கணும்.”

மறுநாள் குண்டூசி காலையிலேயே போய்விட்டாள். முன்னறையில் அவன் அம்மா தையல் மிஷினில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். வாயில் நூல் இருந்ததால் தலையாலேயே உள்ளே காட்டினார்.

உள்ளறையில் ஒட்டடைக்கம்பு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். புத்தகத்தில் ஒரு வரிக்குக் கீழே அளவுகோலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தான். உதடுகள் அசைந்தன. நெற்றியில் வியர்வை. குண்டூசி கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அளவுகோல் நகரவில்லை.

“அண்ணா, நீங்க தூங்கவே இல்லையா?”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அளவுகோல் கீழே விழுந்தது.

“தூங்குறதா? ஒன்பது நாளா இதையேதான் பாத்துட்டு இருக்கேன்” என்றான். “இருபதாவது பக்கம் வந்திருக்கேன்.”

பிறகு மெதுவாகச் சொன்னான். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளுமாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். முதல் பாகத்தில் பத்துப் பக்கம்தான் படித்தானாம், நாள் ஆகிவிட்டதே என்று மூடிக் கொடுத்துவிட்டானாம். அந்தப் பையனுக்குத் தண்ணீர் பயம் போயிற்றா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

“அப்புறம் ஏன் இலக்கியம் எடுத்தீங்க?”

“அந்த வகுப்புலதான் டீச்சர் சத்தமா வாசிச்சுக் காட்டுவாங்க. ஒரு தடவை கேட்டா எனக்குப் போதும்.”

சும்மா சொல்கிறான் என்று நினைத்தாள் குண்டூசி. கடைசி வகுப்பில் டீச்சர் என்ன வாசித்தார் என்று கேட்டாள். ஒட்டடைக்கம்பு கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மலையும் ஒரு கழுதையும் வரும் கதையை வார்த்தை வார்த்தையாகச் சொன்னான். நடுவில் நிறுத்தி, “இங்க டீச்சருக்கு இருமல் வந்துச்சு” என்றான். மீண்டும் தொடர்ந்தான்.

குண்டூசி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டான். அவள் தலையாட்டினாள்.

திரும்பும்போது சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தாள். உண்மையைச் சொன்னால் அக்கா ஃபோன் செய்ய மாட்டாள். ஆனால் சாயங்காலத்துக்குள் ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஆசிரியைக்கே தெரிந்துவிடும். அவன் மெதுவாகப் படித்தால் யாருக்குக் கஷ்டம்? பின்னால் காத்திருக்கும் ஆளுக்கு. பின்னால் யாருமே இல்லையென்றால்?

திரும்பவும் அவன் வீட்டுக்குப் போனாள். இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டு வந்து அக்காவின் மடியில் வைத்தாள்.

“அக்கா, நீ நாலாவது ஆளா வந்துக்கோ. அந்த அண்ணா கடைசியா வரட்டும். முதல் பாகத்தை என்கிட்ட குடு.”

“உனக்கெதுக்கு?”

“நானும் அவரும் சேர்ந்து படிக்கப்போறோம். எனக்குப் பெரிய பெரிய வார்த்தை வந்தா நேரமாகும்ல? யாராவது பின்னாடி நின்னு அவசரப்படுத்தினா எனக்கு ஓடாது.”

“உனக்கு அது முடியறதுக்குள்ள நான் காலேஜே முடிச்சிருப்பேன்” என்றாள் அக்கா. ஆனாலும் குண்டூசியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம். குண்டூசி சத்தமாக வாசித்தாள். தெரியாத வார்த்தை வந்தால் தடுக்கி நிற்பாள். அவன் அர்த்தம் சொல்வான். அவனுக்கு எழுத்துதான் நெளிந்தது, வார்த்தைகள் எல்லாம் தெரிந்திருந்தன. முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பையன் ஆற்றில் காலை வைத்தபோது, ஒட்டடைக்கம்பு தன் காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான்.

நான்காம் பாகத்தில் வெள்ளம் வந்தது.

குண்டூசியின் குரல் தானாகவே தணிந்தது. ஆறு கரையேறியது. படகோட்டி தன் வீடு போவதைப் பார்த்துக்கொண்டே, அக்கரையில் நின்றவர்களுக்காகத் துடுப்பை எடுத்தான். எப்போது தையல் மிஷின் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவன் அம்மா கதவருகே நின்றிருந்தார். கையில் ஒற்றைச் சட்டைக்கை. அவருக்குப் பின்னால், தைத்த துணியை வாங்க வந்த ஒரு பெரியவர், வந்த காரியத்தை மறந்து நின்றிருந்தார்.

மறுநாள் ஒட்டடைக்கம்பு அந்தப் பக்கங்களைத் திருப்பிச் சொன்னான். குண்டூசி புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை தவறவில்லை. முன்தினம் அவள் தடுக்கிய இடங்களில் அவனும் ஒரு நொடி நின்று போனான்.

அவ்வளவு பெரிய ஆறு ஒரு சத்தமும் இல்லாமல் அந்தத் தலைக்குள் இருந்தது.

பள்ளி திறப்பதற்கு நான்கு நாள் முன்பே ஐந்தாம் பாகத்தை முடித்தார்கள். ஐந்தையும் நாடாவால் ஒன்றாகக் கட்டி நூலகரிடம் கொடுத்தாள். புத்தகம் பைண்டிங்குக்குப் போனது.

முதல் நாள் சாயங்காலம் அக்கா பையைக்கூடக் கழற்றாமல் குண்டூசியின் முன்னால் வந்து நின்றாள். மற்றவர்கள் எல்லாம் குறிப்பைப் பார்த்துப் பேசினார்களாம். கடைசியாக ஒட்டடைக்கம்பு வெறுங்கையோடு எழுந்தானாம். எனக்குப் படிக்க வராது டீச்சர், ஒரு தங்கச்சி வாசித்துக் காட்டினாள், நான் கேட்டேன் என்று அவனே சொன்னானாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெள்ளத்தைச் சொல்லத் தொடங்கினானாம். பாதியில் மணி அடித்துவிட்டதாம். யாரும் எழுந்திருக்கவில்லையாம். அடுத்த பாட ஆசிரியர் வந்து விரட்டினாராம்.

“அதே பக்கத்தை நானும் படிச்சேன்டீ” என்றாள் அக்கா. “வெள்ளம் வந்துச்சுன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான். இன்னைக்குத்தான் நனைஞ்சேன்.”

குண்டூசியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மீதியையும் கேக்கணும். வா, போலாம்.”

“முடிவுதான் உனக்குத் தெரியுமே?”

“தெரியும். அதனால என்ன?”

அவர்கள் போனபோது தையல்காரர் வீட்டு முன்னறையில் இடமே இல்லை. கண்ணாடி அக்காவும் வகுப்புத் தலைவியும் துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மைக் அண்ணன்கூட வாயைத் திறக்காமல் இருந்தான். ஒட்டடைக்கம்பு குண்டூசிக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டான்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். கண்ணை மூடினான். காலையில் மணி அடித்த அதே வார்த்தையிலிருந்து தொடங்கினான்.