இருபத்தேழாம் கல்

கோட்டைச் சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளியிருந்தது. அதைப் பிரித்துத் திரும்பக் கட்டத்தான் கொத்தனாரும் அவர் மனைவியும் காலையிலேயே லாரியில் வந்து இறங்கினார்கள். பாதுகாக்கப்பட்ட இடம். இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதி எடுக்க வேண்டும், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். மொத்தம் இருபத்தேழு கல்.

"அஞ்சு மணிக்குள்ள மூடிடணும் மேஸ்திரி. மேலிடத்துல இருந்து பார்க்க வர்றாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார் கோட்டை அதிகாரி.

உச்சிவெயிலில் கடைசிக் கல்லை எடுத்தபோது சுவருக்குள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு பொந்து முழுசாகத் தெரிந்தது. எலும்பு இல்லை, துணி இல்லை, ஒரு பூச்சிகூட இல்லை. பழைய சுண்ணாம்பும் ஈரமண்ணும் கலந்த வாடை மட்டும் குப்பென்று வந்தது.

கொத்தனார் விளையாட்டாக உள்ளே போய் நின்றார். ஆறடி உடம்பு. தலை, தோள், குதிகால் எல்லாம் அளவெடுத்துத் தைத்தமாதிரி உட்கார்ந்தன.

"தள்ளுங்க, நானும் பார்க்கிறேன்." அவள் அவர் தோளுக்குக்கூட எட்டாதவள். பூசினாற்போல உடம்பு.

"உனக்கு அது தொளதொளன்னு இருக்கும்டி."

இல்லை.

அவளுக்கும் இம்மி பிசகாமல் பொருந்தியது.

கொத்தனார் ஓரடி முன்னால் வந்தார். "வெளிய வா."

"இருங்க, ஜில்லுனு இருக்கு."

"வாடின்னா!" முழங்கையைப் பிடித்து இழுத்தார். பஞ்சு மூட்டையை இழுத்தமாதிரி லேசாக வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. சாந்து குழைக்கும்போது ஊர்க்கதையெல்லாம் அளப்பவள், வாயே திறக்காமல் குழைத்தாள். வெயில் ஏறியதில் களைப்பாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இருபத்தாறு கல் உட்கார்ந்துவிட்டது. கடைசிக் கல் மட்டும் உட்கார மறுத்தது. எப்படித் தள்ளினாலும் ஒரு விரற்கடை வெளியே நின்றது. என்ன தடுக்கிறது என்று பார்க்கக் கல்லை எடுத்துவிட்டு, சந்துக்குள் கையை விட்டார்.

விரல்மேல் சூடாக மூச்சு பட்டது.

"என்னங்க... ஒரே இருட்டா இருக்கு."

அவள் குரல்.

வெடுக்கென்று திரும்பினார். மூன்றடி தள்ளி, சாந்துச் சட்டியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"காத்துதாங்க," என்றாள். "மூடுங்க."

"உள்ள... நீ..."

"மூடுங்க."

வாசலில் அதிகாரியின் வண்டி ஹாரன் அடித்தது. ஒருத்தி வெயிலில் கண்ணெதிரே நிற்கிறாள். இன்னொருத்தி வெறும் குரல். எவனாக இருந்தாலும் கண்ணைத்தான் நம்புவான். கல்லை வைத்து மரச்சுத்தியால் ஓங்கி அடித்தார். உள்ளே ஏதோ விலகி இடம் விட்டதுபோல் கல் போய் உட்கார்ந்தது.

வந்தவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள்.

லாரியில் முதலில் ஏறிய கொத்தனார், அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

இருபது வருஷமாகச் சாந்துச் சட்டி தூக்கிய கை. காய்ப்பு இருக்க வேண்டும், சுண்ணாம்பு அரித்த வெடிப்பு இருக்க வேண்டும். வழுவழுவென்று இருந்தது. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை.

சாந்து இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். ஓடினால் பிரித்துவிடலாம். கையை உதறினார்.

விடவில்லை.

"போலாங்க," என்றாள் அவள். லாரி கிளம்பியது.