வாழைமரம் கட்டிய கேரவன்

ராகவியின் அம்மா இராசமலர் ஒரு முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான். அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் எடுத்த முடிவு, தாங்கள் குடியிருந்த இழுவை வீடான கேரவனுக்கு வாழைமரம் கட்டுவது.

"அக்கா, இது கேரவன். தேர் இல்லை," என்றார் அதை இழுத்துப்போக வந்திருந்த பாஸ்கரன் மாமா.

"தெரியும் தம்பி. ரெண்டு வருசம் எங்களை வைச்சிருந்த வீடு. வெறுமையா அனுப்ப எனக்கு மனம் வராது," என்ற அம்மா, கயிற்றை இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

பக்கத்து வீட்டுச் சமோவாக்காரர்கள் தங்கள் வேலியோரத்திலிருந்து இரண்டு வாழைக்கன்றுகளை வெட்டித் தந்திருந்தார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவின் விளக்கம் நீளும் என்று அவர்களுக்குப் பழக்கத்தில் தெரியும்.

அது 1997ஆம் ஆண்டு. ராகவிக்குப் பத்து வயது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவள் அப்பா மகேசனோடும் அம்மாவோடும் யாழ்ப்பாணத்தை விட்டு ஆக்லாந்துக்கு வந்து இறங்கியபோது, தங்க ஓர் இடம் இல்லை. அப்போது பீட்டர் மாமா என்ற மலேசியத் தமிழர் தம் கேரவனைக் கொடுத்தார். உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. "சும்மாதான நிக்குது, வீடு கிடைக்கிற வரைக்கும் இருங்க," என்றார், அவ்வளவுதான். அப்பாவுக்கு நகரின் மேற்குப் பக்கம் வேலை கிடைத்ததும் கேரவனை அங்கிருக்கும் ரானுயிக்கே இழுத்துவந்து, தெரிந்த ஒருவரின் வீட்டு வளவில் நிறுத்தியும் கொடுத்தார்.

அந்தக் கேரவனில்தான் ராகவி ஆங்கிலம் படித்தாள். அதன் குட்டி அடுப்பில்தான் அம்மா முதல் பொங்கல் பொங்கினார். இப்போது அடுத்த தெருவிலேயே அவர்களுக்கு ஒரு வாடகை வீடு கிடைத்துவிட்டது.

அன்று மாலை இன்னொரு குடும்பம் இலங்கையிலிருந்து வந்து இறங்கப்போகிறது. சாந்தகுமாரி என்ற அம்மாவும், வித்தியா என்ற ஆறு வயது மகளும். நகரின் தெற்கே தகனினியில் பீட்டர் மாமாவின் புல்வெளியில் கேரவனை நிறுத்தி, அதில் அவர்கள் இருக்கப்போகிறார்கள். பீட்டர் மாமாவின் வீட்டிலோ ஏற்கெனவே விருந்தினர்கள் கூடம்வரை படுத்திருந்தார்கள். கேரவன் போய்ச் சேராவிட்டால், வருகிற இருவருக்கும் தலைசாய்க்க இடம் கிடையாது.

பீட்டர் மாமா தம் நீளமான பழைய வண்டியை விற்றுவிட்டதால், இழுக்கும் பொறுப்பு அப்பாவின் நண்பர் பாஸ்கரன் மாமாவிடம் வந்தது. அவர் புதிதாக ஒரு பிக்கப் வாங்கியிருந்தார். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை இருக்கைகள். அதனால் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி மட்டும் குட்டை.

இந்தக் கேரவன் மற்றவை போல வண்டியின் வாலில் மாட்டுவது அல்ல. அதன் மூக்கு வண்டியின் தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டு வந்து, தொட்டியின் நடுவில் பொருத்திய வட்டமான இரும்புத் தட்டில் உட்காரும். அந்தத் தட்டுக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். வந்த புதிதில் ராகவி அந்த ஐந்தாம் சக்கரத்தைத் தேடிக் கேரவனின் அடியில் ஊர்ந்து, சட்டை முழுக்கக் கறுப்பு மையோடு வெளியே வந்தது தனிக் கதை.

"இந்தப் பாரத்தை வண்டி தாங்குமோ பாஸ்கரன்?" என்று அப்பா கேட்டார்.

"அண்ணை, என்ர வண்டி மலையையும் இழுக்கும்."

இழுக்கும்தான். திருப்பினால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அம்மா தேங்காய் உடைத்தார். சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். முன் இருக்கையில் பாஸ்கரன் மாமாவும் அப்பாவும் ஏறினார்கள். பின் இருக்கையில் அம்மா, ராகவி, ஒரு வடை டின், ஒரு முறுக்கு டின். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி நல்ல நேரத்தில் புறப்பட்டது.

தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினார்கள்.

கறமுற என்று ராகவியின் தலைக்குப் பின்னாலேயே ஒரு சத்தம்.

பாஸ்கரன் மாமா பிரேக்கை மிதித்தார். எல்லோரும் இறங்கி ஓடினார்கள். கேரவனின் முன்பக்க இடது மூலையில் கட்டிய வாழைத்தண்டு, பிக்கப்பின் பின்கண்ணாடியில் அழுந்தி நசுங்கியிருந்தது. கண்ணாடி முழுக்க வாழைச்சாறு வழிந்தது. நல்ல வேளையாக ஒரு கீறல்கூட இல்லை.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் பாஸ்கரன் மாமா. புதுக் கண்ணாடியைக் கைக்குட்டையால் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். "அண்ணை, கத்தியைக் கொண்டு வாங்கோ. ரெண்டு வாழையையும் வெட்டி எறிவம்."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் நல்லதெண்டு நினைச்சுத்தான் கட்டினன்," என்றார் மெல்ல.

அம்மாவை அப்படிப் பார்க்க ராகவிக்குப் பிடிக்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்கும் கேரவனின் மூலைக்கும் நடுவே அந்த நசுங்கிய தண்டு மட்டும்தான் இருந்தது. புறப்படும்போது அங்கே அவள் தலையையே நுழைக்கலாம் போல இடம் இருந்ததே. அந்த இடம் எங்கே போயிற்று?

"அப்பா, வெட்டாதேங்கோ. ஒரு நிமிசம்," என்றாள், கத்தியோடு வந்த அப்பாவிடம்.

அவள் இரண்டு டின்களையும் எடுத்துவந்து வண்டியின் முன்மூடியில் வைத்தாள்.

"முறுக்கு டின் தான் நாங்கள் இருக்கிற இடம். வடை டின் கேரவன். நேராப் போனா இடைவெளி இருக்கு." வடை டின்னின் முன்பகுதியில் ஒரு விரலை ஊன்றினாள். "இதுதான் ஐந்தாம் சக்கரம். இப்ப திருப்புறன்."

விரலை எடுக்காமல் வடை டின்னைத் திருப்பினாள். டின்னின் மூலை முன்னால் வந்து முறுக்கு டின்னில் டங் என்று இடித்தது.

"வாழை இல்லாட்டி மூலை நேரே கண்ணாடியில இடிச்சிருக்கும்," என்றாள் ராகவி. "எனக்கும் அம்மாவுக்கும் பின்னாலதான் அந்தக் கண்ணாடி."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். ராகவியின் தலையை ஒருமுறை தடவினார். அம்மா இரண்டு கைகளாலும் அந்த நசுங்கிய வாழையைத் தொட்டுக் கும்பிட்டார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றார் பாஸ்கரன் மாமா. குரல் வெகுவாக இறங்கியிருந்தது. "தொட்டி குட்டை. மூலை வீசுறதுக்கு இடம் இல்லை. நான் இழுக்கிற பலத்தை மட்டும்தான் பார்த்தனான். அண்ணை, திருப்பிக் கொண்டுபோய் விடுவம். வேற நீள வண்டி தேடி அடுத்த கிழமை கொண்டு போவம்."

"அப்ப வாறவை இண்டைக்கு எங்க படுக்கிறது?" என்று கேட்டார் அப்பா.

ராகவிக்குத் தான் ஆக்லாந்தில் வந்திறங்கிய அன்றைய இரவு ஞாபகம் வந்தது. விமானத்தில் வந்த களைப்பில் அவளுக்குக் கால் வலித்தது. பீட்டர் மாமா கேரவன் கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு கட்டில் படுக்கை விரித்துத் தயாராக இருந்தது. அந்தக் கட்டிலைப் போல ஒன்று வித்தியாவுக்கும் இன்று வேண்டும்.

"மாமா, எல்லாத் திருப்பத்திலயும் இடிக்காதுதானே?"

"ஓம். கொஞ்சமாத் திரும்பினாப் பிரச்சினை இல்லை. கூடத் திரும்பினாத்தான். ஆனா எப்ப கூடுது எண்டு முன்னால இருந்து எனக்கு எப்படித் தெரியும்?"

"வாழைக்குத் தெரியும்," என்றாள் ராகவி. "இலையை முன்னுக்கு நீட்டிக் கட்டுவம். முதல்ல இலைதான் கண்ணாடியில முட்டும். அப்ப நான் 'இலை' எண்டு சொல்லுறன். தண்டு வந்தா 'நிப்பாட்டுங்கோ' எண்டு சொல்லுறன். நீங்கள் அகலமா, மெதுவாத் திருப்புங்கோ."

பாஸ்கரன் மாமா பத்து வயதுப் பெண்ணையும் தம் புதுக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி பிள்ளை. இண்டைக்கு நீதான் ஓட்டுநர். நான் சும்மா ஸ்டியரிங் பிடிக்கிற ஆள்."

இரண்டு வாழைகளையும் அம்மாவே திரும்பக் கட்டினார். இந்த முறை யாரும் தேரைப் பற்றிப் பேசவில்லை.

"இலை," என்றாள் ராகவி, அடுத்த திருப்பத்தில். வண்டி மெதுவானது. வளைவு அகலமானது. இலை கண்ணாடியை விட்டு விலகியது. பிறகு சாலைகள் கூடும் வட்டமான ஒரு ரவுண்டபவுட். "இலை, மாமா. இலை. இப்ப சரி." அதிவேகப் பாதையான மோட்டார்வேயில் ஏறியதும் பாதை நேராக நீண்டது. அங்கே வாழைக்கும் ராகவிக்கும் வேலை இல்லை. பாஸ்கரன் மாமாவுக்கு மூச்சு வந்தது.

பெட்ரோல் போட நிறுத்தியபோது ஒரு வெள்ளைக்காரர் கேரவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "யாருக்குக் கல்யாணம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கள் பழைய வீட்டை வேறு வீட்டுக்காரரிடம் அனுப்பிவைக்கிறோம்," என்று ராகவியும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். அவர் அதை முழுதாகப் புரிந்துகொண்டது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தகனினிக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பீட்டர் மாமாவின் வீட்டுக் கேற் வலப்பக்கம். பாதையோ ஒடுக்கம். கேற்றுக்குள் பீட்டர் மாமாவும், பக்கத்தில் ஒரு அம்மாவும், ஒரு பையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்ணும் நின்றார்கள். விமானம் நேரத்துக்கே வந்துவிட்டது போல.

பாஸ்கரன் மாமா வலப்பக்கம் திருப்பினார்.

"இலை," என்றாள் ராகவி. "இலை, மாமா. நிப்பாட்டுங்கோ."

"இன்னும் கொஞ்சம்தான் பிள்ளை. அந்தக் குழந்தை நிக்குது பார். ஒரே திருப்பு, உள்ளுக்குப் போயிடும்."

"தண்டு முட்டுது, மாமா."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, தம்பி," என்றார் அம்மா. பாஸ்கரன் மாமா உடனே நிறுத்தினார்.

வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி முயன்றார்கள். மறுபடியும் தண்டு முட்டியது. அகலமாகத் திரும்ப வேண்டுமானால் முதலில் பாதையின் இடது ஓரத்துப் புல்லில் ஏற வேண்டும். அந்தப் புல்லில் குதிரை ஏற்றுகிற ஒரு பெரிய பெட்டி வண்டி நின்றது.

"அது அந்த எதிர்வீட்டுக்காரருடையதா இருக்கும். கேட்டுப் பாப்பம் அப்பா," என்றாள் ராகவி. போகும்போது வடை டின்னையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மனிதர். ராகவி நடந்ததைச் சொன்னாள். அவர் வாழைமரங்களைப் பார்த்தார், குட்டைத் தொட்டியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துவந்து குதிரைப் பெட்டியை நகர்த்தினார். வடையில் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பச்சைமிளகாய் அகப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் இரண்டாவது வடைக்கும் கையை நீட்டினார்.

பிக்கப் இடது ஓரத்துப் புல்லில் ஏறியது. அங்கிருந்து வெகு அகலமாக வளைந்தது. இலை கண்ணாடியில் லேசாக உரசியது, விலகியது. கேரவன் ஆடாமல் அசையாமல் கேற்றுக்குள் நுழைந்தது.

பாஸ்கரன் மாமா இறங்கியதும் முதலில் ராகவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நன்றி பிள்ளை. என்ர கண்ணாடிக்கும் சேர்த்து," என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "அக்கா, இனி எனக்கும் ஒரு வாழை கட்டிவிடுங்கோ," என்றார். காலையில் சுருங்கிய அம்மாவின் முகம் இப்போதுதான் முழுதாக மலர்ந்தது.

அப்பா பீட்டர் மாமாவிடம் போனார். சொல்ல வேண்டியதை அவர் வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார். எதிரே நின்றதும் சாவியை மட்டும் நீட்டினார்.

"என்கிட்ட ஏன்? அவங்ககிட்ட குடுங்க," என்றார் பீட்டர் மாமா.

சாவியை ராகவி வாங்கி வித்தியாவிடம் கொடுத்தாள். விமான நிலையத்திலிருந்து வாயே திறக்காத வித்தியா, கேரவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது ஆருடைய வீடு?"

"உங்கட."

"உள்ளுக்கு வேற ஆக்கள் வருவினமோ?"

"நீ கூப்பிட்டா மட்டும்தான் வருவினம்."

வித்தியா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

வெளியே எல்லோரும் பாதி வடை டின்னோடும் முழு முறுக்கு டின்னோடும் நின்றார்கள்.

"தம்பி, அவை ஒண்டும் சாப்பிடேல்லையே. ஒருக்காக் கதவைத் தட்டுவமோ?" என்று அம்மா பீட்டர் மாமாவைக் கேட்டார்.

பீட்டர் மாமா சிரித்தார். "விடுங்க அக்கா. நீங்க வந்த அன்னைக்கும் இதே கதைதான். சாப்பாட்டுப் பாத்திரத்தோட ரொம்ப நேரம் வெளியவே நின்னேன்."

அப்பா திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாது. "தட்டியிருக்கலாமே, பீட்டர்."

"எப்படி தட்டுறது? உங்க வீடாச்சே."

பீட்டர் மாமா புல்லில் உட்கார, அப்பாவும் அவர் பக்கத்தில் போய், தோள் இடிக்க உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். வித்தியா கதவைத் திறந்து கூப்பிடும்வரை காத்திருந்தார்கள்.